முந்நூறு கோல்கீப்பர்கள்

“வாடா வெளிய. வெயிலு ஏறிப்போச்சு, இன்னும் என்னடா தூக்கம்?”

பொம்மை அச்சைச் சுற்றிக் கட்டிய சைக்கிள் ட்யூப் பட்டையை அவிழ்த்துக்கொண்டே அம்புஜவல்லி கூப்பிடுகிறார். பட்டை விழுந்ததும் அச்சின் முதுகில் உள்ளங்கையால் இரண்டு தட்டு. பிறகு இரு பாதிகளையும் விரல் நுனியால் மெல்லப் பிரிக்கிறார். உள்ளே ஈரம் மின்ன ஒரு பிள்ளையாரோ, குடம் ஏந்திய பெண்ணோ நிற்பார். தூக்கும்போது மட்டும் பேச்சு நின்றுவிடும். பலகையில் வைத்த பிறகுதான் மூச்சு விடுவார். அடுத்த அச்சைத் திட்டத் தொடங்குவார்.

விருத்தாசலம் தொழிற்பேட்டையின் கடைசி வரிசையில், தகரக் கூரை போட்ட கொட்டகை அவருடையது. பிறந்த ஊர் நல்லூர். கணவருக்கு மங்கலம்பேட்டையில் உரக்கடை; பீங்கான் பொம்மை வேலை முழுக்க இவர் கையில். புடவைக்கு மேல் ஒரு முழுக்கைச் சட்டை. கைக்கடிகாரம் ஆணியில் தொங்கும். டீ குடிப்பது காது இல்லாத கோணல் கப்பில். “நல்லது விக்கறதுக்கு, கோணலு நமக்கு” என்பார். பொம்மை உடைந்தால் உடைந்தது என்று சொல்ல மாட்டார். “கோவிச்சுக்கிச்சு” என்பார். சூளையிலிருந்து இறக்கும்போது இரண்டில் விரிசல் கண்டால், “இன்னிக்கி ரெண்டு பேருக்குக் கோவம்” என்று ஓரமாக வைத்துவிடுவார்.

2007 ஆகஸ்ட் 31 முதல் செப்டம்பர் 9 வரை ஆசியக் கோப்பை ஹாக்கிப் போட்டி சென்னையில் நடந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்பே, சென்னையில் பரிசுப் பொருள் கடை வைத்திருக்கும் அறிவழகன் இவரைத் தேடி வந்தார். மைதானத்துக்கு வெளியே கடை போடப் போகிறாராம்; மட்டையை ஓங்கிக்கொண்டு பாய்கிற வீரன் பொம்மை முந்நூறு வேண்டுமாம்.

அம்புஜவல்லி அதுவரை ஹாக்கி பார்த்ததில்லை. ஆனால் பொம்மைகளைப் பார்த்தவர்.

“கைய நீட்டுனா கை போயிடுங்க. அச்சுலேருந்து எடுக்கறப்பவே பாதி பேரு கோவிச்சுக்குவான். மீதியச் சூளை தின்னுடும். ஒடம்போட ஒட்டிக்கிட்டு நிக்கறவன் எவனாவது இருக்கானா உங்க ஆட்டத்துல?”

அறிவழகன் யோசித்து, கோல்கீப்பரைச் சொன்னார். தலையில் ஹெல்மெட், காலில் தலையணை போலப் பேடு, முழங்காலை மடித்துக் குந்தினாற்போல ஒரு நிலை, மட்டை பேடோடு ஒட்டிக்கொண்டு. அம்புஜவல்லிக்கு முகம் மலர்ந்துவிட்டது. “இவன் பொழைப்பான்” என்றார்.

அடுத்த வாரம் பட்டர் பேப்பரில் வரைந்த படம் ஒன்று வந்தது. அதைச் சுவரில் குத்தி, பார்த்துப் பார்த்து மண்ணில் மூலப் பொம்மையைச் செய்தார். அதிலிருந்து அச்சு எடுத்தார். முந்நூறும் வெந்து, வர்ணம் பூசி, மறுபடி வெந்து, பலகைகளில் வரிசையாக நின்றன.

ஆகஸ்ட் 19, ஞாயிற்றுக்கிழமை. பூந்தொட்டி வாங்க வந்த கோவிந்தராசு அந்த வரிசையின் முன் நின்றுவிட்டார். ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வாலிபத்தில் ரயில்வே ஹாக்கி அணிக்குக் கோல் காத்தவர். ஒரு பொம்மையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

“ஏம்மா, இவன எந்த ஊரு டீமுல சேக்கறது? எடது கையில இல்ல மட்டைய வெச்சிருக்கான்!”

“எடது கையின்னா என்னாண்ணே?”

“மட்ட வலது கையிலதாம்மா இருக்கும். எடது கையில பந்தத் தடுப்பான். இருவது வருசம் ஆடியிருக்கேன், மாத்திப் புடிச்சவன் ஒருத்தனையும் நான் பாத்ததில்ல.”

அம்புஜவல்லி சுவரிலிருந்த படத்தை உருவித் திருப்பினார். மெல்லிய தாள், எந்தப் பக்கம் பார்த்தாலும் கோடு ஒன்றுபோலத்தான் தெரிந்தது. ஆனால் பின்பக்கத்து ஓரத்தில் அறிவழகனின் கையெழுத்து நேராக இருந்தது. படத்தைப் புறம் மாற்றிக் குத்தியிருக்கிறார். கோல்கீப்பர் மட்டையைக் கை மாற்றிக்கொண்டுவிட்டான்.

கோவிந்தராசுவுக்கு அப்புறம் சிரிப்பு வரவில்லை. “யாரு கவனிக்கப் போறாங்க, விடும்மா” என்றார். அம்புஜவல்லி அறிவழகனுக்கு போன் போட்டார்.

“கைய எவன் பாக்கப் போறான்? அனுப்பிடுங்க” என்றார் அவரும்.

“வாங்கறவன் யாரு? ஆட்டம் பாக்க வர்றவன். அவன் கையத்தாங்க மொதல்ல பாப்பான். பொம்மைக்கு அடியில எம்பேரு இருக்குதுங்க.”

“லேட்டானா எனக்கு வேணாங்க. ஆட்டம் முடிஞ்சப்புறம் இத எவன் வாங்குவான்?”

“ஃபைனலுக்குள்ள வந்துடும்.”

“வரலன்னா?”

“வரலன்னா அறுநூறும் எங்கிட்டயே இருக்கட்டும்.”

போனை வைத்துவிட்டு அந்த வரிசையைத் திரும்பிப் பார்த்தார். இரண்டு மாத உழைப்பும், மண்ணும், வர்ணமும் பலகையில் நின்றன. இன்னொரு முந்நூறும் நின்றுவிட்டால் அந்த வருடம் கொட்டகையைப் பூட்ட வேண்டியதுதான்.

புது மூலம், புது அச்சு. ஈர அச்சு சீக்கிரம் காய, பொதுச் சூளையின் சுவரோடு அணைத்து வைத்தார். ஆனால் சூளையில் முறை கிடைக்க வேண்டுமே. செப்டம்பர் முதல் வாரம் பக்கத்துக் கொட்டகை பெரியநாயகியின் முறை.

“ஒம் மொறைய எனக்குக் குடுடி.”

“குடுக்கறேன். எங் கொலு பொம்மையெல்லாம் எங்க வேவும்? ஒன் தலையிலயா?”

“கொலுவுக்கு இன்னும் ஒரு மாசத்துக்கு மேல இருக்குதுடி.”

“அது எனக்குத் தெரியுது. வந்து நிக்கற யாவாரிக்குத் தெரியணுமே.” பெரியநாயகி முறைத்தார். “செரி, எடுத்துக்க. அந்த எடது கைப் பசங்கள என்னா பண்ணுவ? கண்ணாடிக்கு எதுத்தாப்புல வெச்சு வித்துடு. செரியாத் தெரிவானுங்க.”

மூன்று நாளாகச் சிரிக்காத அம்புஜவல்லி அப்போதுதான் சிரித்தார்.

ஆட்டங்கள் சென்னையில் தொடங்கிவிட்டன. கோவிந்தராசு தினமும் பேப்பரோடு வந்து கோல் கணக்கு வாசிப்பார். அம்புஜவல்லி கேட்பது ஒன்றுதான்: “ஃபைனலு அன்னிக்கி நம்மாளுங்க இருப்பாங்களா?” இந்தியா இறுதிக்கு வந்த சேதி எட்டியபோது அவர் பொம்மைகளுக்கு வைக்கோல் சுற்றிக்கொண்டிருந்தார். இரண்டாம் முந்நூறில் ஒன்பது பேருக்குத்தான் கோபம்.

செப்டம்பர் 9 அன்று விடியற்காலை ரயிலில் பெட்டிகளோடு அவரும் கோவிந்தராசுவும் எழும்பூரில் இறங்கினார்கள். மைதானத்துக்கு வெளியே கடையை விரித்ததும் வந்த முதல் ஆள், பள்ளிக்கூட விளையாட்டு ஆசிரியர் போலிருந்தவர், ஒரு பொம்மையை எடுத்து நேரே கையைத்தான் பார்த்தார். “கரெக்டா புடிச்சிருக்கான்” என்று இரண்டு வாங்கினார். அம்புஜவல்லி அறிவழகனைத் திரும்பிப் பார்த்தார். சாயங்காலத்துக்குள் மேஜை காலியாகிவிட்டது. அறிவழகனே இரண்டு டிக்கெட் வாங்கிக் கையில் கொடுத்தார்.

கோலுக்குப் பின்னால் இடம். கொரியாவுடன் ஆட்டம். இரண்டாம் பாதியில் இந்தியக் கோல்கீப்பர் அம்புஜவல்லிக்கு நேர் எதிரே வந்து நின்றார். பந்து மறுகோடியில் ஓடியது. கூட்டம் அங்கே பார்த்தது.

“கோலு அந்தப் பக்கம் விழுதும்மா, நீ எங்க பாக்கற?” என்றார் கோவிந்தராசு.

“நான் நம்ம ஆளப் பாக்கறேண்ணே.”

இந்தியாவுக்கு ஏழாவது கோல் விழுந்தது. மைதானம் எழுந்து கத்தியது. இந்தக் கோடியில் தனியாக நின்றவரும் உடம்போடு ஒட்டியிருந்த மட்டையை எடுத்து, வலது கையை முழுக்க நீட்டி வானத்துக்கு ஓங்கினார்.

அம்புஜவல்லியின் இரண்டு உள்ளங்கைகளும் தாமாக முன்னே போயின. அச்சிலிருந்து வந்த ஈரப் பொம்மையின் கை விழுந்துவிடாமல் அடியில் தாங்குவதுபோல, கோல்கீப்பரின் கை இறங்கும் வரை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.