நடக்காத விழாவுக்குக் கிடைத்த கைதட்டல்

போன வாரம் தேனி பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கிலோ பன்னீர் திராட்சை வாங்கினேன். தள்ளுவண்டிக்கார அம்மா பை இல்லையென்று பழைய செய்தித்தாளில் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். வீடு வருவதற்குள் சாறு கசிந்து தாள் நனைந்துவிட்டது. நனைந்த செய்தித்தாளும் கம்பத்துத் திராட்சையும் சேர்ந்தால் ஒரு வாசனை வரும் பாருங்கள், அது மையா பழமா என்று பிரித்துச் சொல்ல முடியாது. நான் பொட்டலத்தை மூக்கருகே வைத்துக்கொண்டு தனியாகச் சிரிப்பதைப் பார்த்து என் மகள் பயந்தே போனாள்.

உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் நடுவே, திராட்சைத் தோட்டங்களை ஒட்டிய ஒரு கல்லூரியில்தான் எனக்கு முதல் வேலை. பதவியின் பெயரைக் கேட்டால் எழுந்து நிற்பீர்கள்: வியூகத் தகவல் தொடர்பு மற்றும் ஊடக உறவுத் துறைத் தலைவர். துறையில் தலைவர் மட்டும்தான், வேறு யாரும் கிடையாது. அறையும் விளையாட்டுச் சாமான்கள் போட்டுவைக்கும் அறையில் பாதி. வியூகம் வகுக்க உட்கார்ந்தால் தலைக்கு மேல் கைப்பந்து வலை தொங்கும். விசிட்டிங் கார்டில் பதவி அடங்கவில்லை என்று அச்சகக்காரர் என் பெயரைப் பொடி எழுத்தாக்கிவிட்டார். நான் அதையும் பெருமையாகத்தான் எல்லோரிடமும் நீட்டினேன்.

கல்லூரிச் செயலாளர் பெரிய திராட்சை விவசாயி. வருகிற விருந்தினருக்கெல்லாம் அவர் தோட்டத்துப் பழத்தைத்தான் செய்தித்தாள் விரித்த கூடையில் வைத்துக் கொடுப்போம். கூடை அடுக்கும் வேலையும் ஊடக உறவில்தான் சேர்த்தி. சேர்ந்த அன்றே அவர் சொல்லிவிட்டார்: “ஆறு மாசம் பாப்போம்மா. நம்ம காலேஜு பேப்பர்ல வந்துக்கிட்டே இருக்கணும். வரலேன்னா நீ வேற எடம் பாத்துக்க.” வேறு இடம் என்றால் போடியில் என் அண்ணனின் ஏலக்காய்க் கமிஷன் கடைதான். அந்தக் கடைக்குள் கால் வைத்தாலே எனக்குத் தும்மல் பிடித்துக்கொள்ளும். பாயசத்தில் ஒரு ஏலக்காய் மிதந்தால்கூட எனக்கு அண்ணனின் முகம் தெரியும். அதனால் இந்த வேலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பேப்பரில் வரவேண்டுமென்றால் காசிம் பாய் மனது வைக்கவேண்டும். கம்பத்தில் உரக்கடை வைத்திருந்தார். அதோடு ஒரு நாளிதழுக்கு நிருபர். யூரியா மூட்டை மேல் உட்கார்ந்துதான் செய்தி எழுதுவார். எங்கள் பக்கத்துச் செய்திகள் வரும் பக்கத்தை மதுரையில் சாயந்திரத்துக்கு முன்பே முடித்துவிடுவார்கள். ஆகவே பள்ளத்தாக்கு முழுக்க ஒரு வழக்கம் இருந்தது. நாளை நடக்கிற விழாவை இன்றைக்கே நடந்ததாக எழுதிக் கொடுத்துவிடுவது. தலைமை வகித்தார், பேசினார், நன்றி கூறினார், எல்லாம் முந்தின நாளே முடிந்துவிடும். விழா அன்று பாய் அதை மதுரைக்கு அனுப்புவார், மறுநாள் காலையில் பேப்பரில் வரும். விருந்தினர் பேசப்போவதையும் நானே எழுதிவிடுவேன். அதில் பெரிய சிரமம் இல்லை. எல்லோரும் மாணவர்களிடம் நேரத்தை வீணாக்காதீர்கள் என்றுதான் சொல்வார்கள், அதைச் சொல்ல ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்வார்கள்.

ஆறாவது மாதம் ஆண்டு விழா வந்தது. சென்னையிலிருந்து ஓய்வுபெற்ற துணைவேந்தர் அம்மையார் ஒருவர் சிறப்பு விருந்தினர். விழா வெள்ளிக்கிழமை காலையில். வியாழனன்றே எழுதிக் கொடுத்துவிட்டேன். இந்த முறை பேனா கொஞ்சம் அதிகமாகவே ஓடிவிட்டது. “திராட்சைக் கொடிக்குப் பந்தல்போலப் பெண்ணுக்குப் படிப்பு. படர இடம் கொடுங்கள், காய்ப்பதை அவள் பார்த்துக்கொள்வாள்” என்று அம்மையார் பேசியதாக எழுதினேன். காசிம் பாய் படித்துவிட்டு, “அடேயப்பா! அந்தம்மா இம்புட்டு நல்லா பேசுவாகளா?” என்றார். “பேசுவாக பாய்” என்று அடித்துச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை அம்மையார் வரவில்லை. ஆண்டிபட்டிக் கணவாயில் லாரி ஒன்று குறுக்கே படுத்துக்கொண்டது. அவர் கார் அதற்கு அந்தப் பக்கம். இதோ அதோ என்று பார்த்து மத்தியானம் போய்விட்டது. பாய்க்குப் போன் போட்டால் அணைத்து வைத்திருக்கிறார். ஜும்ஆ தொழுகை. அதை முடித்து அப்படியே ஒரு கல்யாண பிரியாணிக்கும் போய்விட்டார். தூரத்து வருசநாட்டுப் பிள்ளைகளின் பஸ் கிளம்பவேண்டிய நேரம் வந்ததும், விழா நாளைக்கு என்று கல்லூரி முதல்வர் அறிவித்துவிட்டார். ஒருவழியாகப் பாய் கிடைத்தார். “செய்தி அப்பவே போயிருச்சேத்தா! தொழுகைக்கு முன்னாடியே அனுப்பிட்டுத்தான் போனேன். மத்த பேப்பர்காரகளும் அதையே வாங்கி அனுப்பிட்டாக!” மதுரைக்குப் பேசினேன். பக்கம் முடிந்துவிட்டதாம். எனக்கு அப்போதே ஏலக்காய் வாசனை வந்து மூக்கு அரிக்க ஆரம்பித்தது.

விடிந்ததும் எல்லாப் பேப்பரிலும் எங்கள் விழா. செயலாளரிடமிருந்து போன். “ஏம்மா, நேத்து அவுக வரவே இல்லையே. எப்பப் பேசுனாக?” அவரே தொடர்ந்தார்: “நான் தலைமை வகிச்சுப் பேசுனேன்னு வேற போட்டிருக்கு. சின்னமனூர்ல இருந்து சம்பந்தி கூப்புட்டு நல்லா பேசுனீகளாமேங்கிறாரு. நான் என்னத்தச் சொல்ல?”

“நீங்க என்ன சொன்னீக அய்யா?”

“ஆமான்னுட்டேன்.”

பாதி உயிர் வந்தது. மீதி உயிர் தேனி லாட்ஜில் இருந்தது. லாரி விலகியதும் அம்மையார் அங்கேதான் வந்து இரவு தங்கியிருந்தார். அடுத்த போன் அவருடையது. “என்னம்மா, நேத்து நான் ரொம்ப நல்லா பேசியிருக்கேன் போலிருக்கே?” நான் மன்னிப்பை ஆரம்பித்தேன். அவர் கேட்கவே இல்லை. “அதெல்லாம் விடு. முப்பது வருஷமா மேடையில பேசுறேன், ஒரு பேப்பர்லயும் இவ்வளவு அழகா வந்ததில்ல. இரு, வர்றேன்.”

வந்தார். கையில் அந்தப் பேப்பர். மேடையேறி மைக்கைப் பிடித்து, “நேற்று நான் இங்கே பேசியதை, நேற்று வராதவர்களுக்காக இன்று மறுபடி சொல்கிறேன்” என்றார். நேற்று வராதவர் அவர் ஒருவர்தான் என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். அரங்கம் கொல்லென்று சிரித்தது. என் கொடியையும் பந்தலையும் அவர் தம் குரலில் நிறுத்தி நிதானமாக வாசித்தார். நான் மேசையில் உட்கார்ந்து இட்டுக்கட்டிய வரிக்கு முன்வரிசைப் பெண்கள் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நானும் துடைத்துக்கொண்டேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். பிறகு அவர் செய்தியின் கடைசி வரியை வாசித்தார்: “மாணவ மாணவியர் பலத்த கரவொலி எழுப்பினர்.” வாசித்துவிட்டுப் பேப்பரை மடித்து, கண்ணாடிக்கு மேலாக எங்களைப் பார்த்தபடி காத்திருந்தார்.

அப்படியொரு கைதட்டலை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. பெஞ்சைத் தட்டினார்கள், தகரக் கூரை அதிர்ந்தது. செயலாளர் எழுந்து நின்று தட்டினார். கடைசி வரிசையில் காசிம் பாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார். “இதையும் எழுதுங்க பாய்” என்று ஓடிப்போய்ச் சொன்னேன். “என்னத்த எழுத? எல்லாந்தான் நேத்தே வந்துருச்சே!” என்றார். அதனால் நடக்காத விழா எல்லாப் பேப்பரிலும் வந்தது, நடந்த விழா ஒன்றிலும் வரவில்லை.

போகும்போது செயலாளர் என் அருகில் நின்றார். “நடக்காததையே இம்புட்டு அழகா எழுதுற, நீ இங்கனயே இருந்துக்கம்மா.” இருந்துவிட்டேன். என் தும்மலிலிருந்து அண்ணன் கடையின் தராசும் தப்பித்தது.

இப்போது எனக்குக் கண்ணாடிக் கதவு போட்ட அறை. கீழே நாலு பேர். விழா நடக்கும்போதே போனில் ஓடுகிறது. விருந்தினர் இருமினால் துபாயில் இருக்கும் பழைய மாணவன் வரைக்கும் கேட்கிறது. யார் என்ன பேசுவார் என்று என்னை யாரும் கேட்பதில்லை. பாயின் பேப்பரில் எங்கள் ஊர்ப் பக்கத்தை நிறுத்திவிட்டார்கள். உரக்கடையை மருமகன் பார்க்கிறார். பாய்க்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை, போன் திரை அவருக்கு ஆகாது.

ஆனாலும் வாரம் ஒரு தரம் கூப்பிடுவார். “ஏத்தா, நாளைக்கு என்ன விசேசம்?” நாளைய விழாவை நான் நடந்து முடிந்ததாகவே சொல்வேன். தலைமை வகித்தார், பேசினார், பலத்த கரவொலி. விருந்தினர் வாயில் இரண்டு நல்ல வரியையும் வைப்பேன். அவர் உம் கொட்டிக் கேட்டுவிட்டு, “நல்லாருக்குத்தா, போட்டுருவோம்” என்பார்.

எதில் என்று நான் கேட்பதில்லை.