பச்சைச் சீட்டு

நான் நீலாய் என்ற ஊரில் ஒரு தனியார் கல்லூரியில் கணினிப் பாடம் நடத்துகிறேன். முதல் பருவத்துப் பிள்ளைகளுக்கு அடுக்கு, வரிசை, பிறகு கலைந்து கிடக்கும் எண்களை ஒழுங்குபடுத்தும் முறைகள். பாதிப் பேர் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். திட்டுவேன். திட்டிவிட்டுத் தொடர்வேன்.

அதில் முன்னுரிமை வரிசை என்று ஒன்று வரும். சாதாரண வரிசையில் முதலில் வந்தவர் முதலில் போவார். முன்னுரிமை வரிசையில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. எண் பெரிதாக இருப்பவர் எப்போது வந்திருந்தாலும் முன்னால் போவார். இதற்கு எல்லாரும் சொல்லும் உதாரணம் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு. "உயிருக்குப் போராடுறவங்க முதல்ல, காய்ச்சல்காரங்க அப்புறம். அழகா வேலை செய்யும்" என்று நானும் வருடா வருடம் சொன்னேன். அப்பாவை அங்கே கூட்டிக்கொண்டு போகும்வரை சொன்னேன்.

அப்பா லாபுவில் தோட்டத்து வீட்டிலேயே இருக்கிறார். அம்மா போன பிறகும் ரஹாங்கில் இருக்கும் என் வீட்டுக்கு வர மறுத்துவிட்டார். ரப்பர் மரங்கள் போய் எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்தபோதும் அதே தோட்டம்தான். ஓய்வு கொடுத்து அனுப்பிய பிறகும் காண்டிராக்டில் செம்பனை மட்டை வெட்டப் போவார். ஒரு சனிக்கிழமை காலை சாப்பாடு எடுத்துக்கொண்டு போனேன். வாசலில் மோட்டார் சைக்கிள் மேல் சாய்ந்து, நெஞ்சையும் இடது தோளையும் தேய்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"என்னப்பா?"

"காத்து புடிச்சிருக்கு லா. சுடுதண்ணி குடிச்சா சரியாயிரும்."

"காத்துக்கு ஏன் தோள் வலிக்குது?"

"நீ என்னா டாக்டரா? கம்பியூட்டர்தான?"

இழுத்துக் காரில் போட்டேன். வழியெல்லாம் சண்டை. ஆஸ்பத்திரியில் கார் நிறுத்த இடமில்லை. வாசலில் அவரை இறக்கி, "நெஞ்சு வலின்னு சொல்லுங்க, தோள் வலியையும் சொல்லுங்க" என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டு இடம் தேடிப் போனேன். திரும்பி வந்தபோது அப்பா கையில் பச்சைச் சீட்டோடு உட்கார்ந்திருந்தார்.

அங்கே மூன்று நிறம். சிவப்பு என்றால் நேராக உள்ளே. மஞ்சள் என்றால் படுக்கை. பச்சை என்றால் நாற்காலி. கூப்பிடும்வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

"என்ன சொன்னீங்க அங்க?"

"வயித்துல காத்துன்னேன். எவ்ளோ வலி, ஒண்ணுலருந்து பத்துக்குள்ள சொல்லுன்னாரு கவுண்டர்ல இருக்கவரு. ரெண்டுன்னேன்."

"ரெண்டா!"

"ஒண்ணுன்னா ஏன் வந்தேன்னு கேப்பாரு இல்ல?"

பக்கத்தில் கால் கட்டை விரலைத் துண்டால் சுற்றிக்கொண்டு ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். சிரித்துவிட்டார். "உங்கப்பா பரவால்லமா. நான் பத்துன்னு கத்துனேன், எனக்கும் பச்சைதான் குடுத்தாங்க."

அப்பா ஏன் இரண்டு என்றார் என்பது எனக்குத் தெரியும். தோட்டத்தில் விடியற்காலை பெரட்டு இருந்தது. ஆட்களை நிற்க வைத்துப் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடம். உடம்பு முடியவில்லை என்று சொன்னவரை மண்டோர், அதாவது மேற்பார்வையாளர், தோட்டத்து மருந்துக்காரரான டிரெசரிடம் அனுப்புவார். டிரெசர் நெற்றியில் கை வைத்துப் பார்ப்பார். சூடு இல்லை என்றால் பொய்க்காரன். அடுத்த நாள் அவருக்கு மேட்டு நிரை, ஏறி இறங்கச் சலித்து யாரும் வேண்டாம் என்கிற மர வரிசை. ஒன்றும் இல்லை என்று நின்றவர்களுக்குத்தான் நல்ல நிரை கிடைத்தது. அதுவும் வரிசைப்படுத்தல்தான். ஆஸ்பத்திரியின் முறைக்கு நேர் தலைகீழ். வலி குறைவாகச் சொன்னவர் முன்னால், கூட்டிச் சொன்னவர் பின்னால். பெரட்டை நிறுத்தி எத்தனையோ வருடமாகிவிட்டது. அப்பா இன்னும் அதில்தான் நின்றுகொண்டிருக்கிறார்.

அப்பாவைச் சீக்கிரம் பார்க்கச் சொல்லி நான் முகப்புக்குப் போனேன். அப்போது நெடுஞ்சாலை விபத்தில் அடிபட்டவர்களை ஒருவர் பின் ஒருவராகத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஒரு பையனின் தலை முழுக்க ரத்தம். முகப்பில் இருந்த மலாய்க்காரர் மரியாதையாகத்தான் பேசினார். பாக்சிக், பெரியவர், அவரே வலி இரண்டு என்றுதான் சொன்னார், வலி கூடினால் உடனே வந்து சொல்லுங்கள் என்றார். விபத்துக்காரர்கள் முந்திப் போனது நியாயம். நான் எழுதிய நிரல் என்றாலும் அப்படித்தான் அனுப்பியிருக்கும். அதுதான் எரிச்சல். கத்துவதற்குக்கூட ஆள் இல்லை. கணக்கு சரி, கொடுத்த எண் பொய். பொய்யான எண்ணைக் கொடுத்தவர் என் அப்பா.

வாய் காய்கிறது, தண்ணீர் வாங்கி வா என்றார் அப்பா. கடை கட்டடத்தின் அந்தக் கோடியில். ஓடி வாங்கிக்கொண்டு வந்தால் பலகையில் அவர் எண்ணைத் தாண்டி வேறு எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. பக்கத்து நாற்காலி காலி.

"அப்பா, உங்க நம்பர் போச்சே!"

"கூப்பிட்டாங்க. அந்தம்மா கால்ல ரத்தம் சொட்டுது. உள்ள அவங்ககிட்ட சொல்லி அந்தம்மாவ போகச் சொல்லிட்டேன்."

"அப்புறம் அந்தம்மா நம்பர் வந்தப்ப நீங்க போக வேண்டியதுதான?"

"ஒரு புள்ளைய தூக்கிட்டு நின்னுச்சு ஒரு பொண்ணு. இருமிக்கிட்டே இருக்கு. அதையும் போகச் சொன்னேன்."

ஒழுங்குபடுத்துவதில் ஆகச் சோம்பேறியான முறை ஒன்று உண்டு. பக்கத்தில் இருக்கும் இரண்டை மட்டும் ஒப்பிட வேண்டும், தேவையானால் இடம் மாற்ற வேண்டும், அடுத்த இரண்டுக்குப் போக வேண்டும். இப்படியே போனால் ஆகக் கனமானது கடைசி இடத்தில் போய் நிற்கும். அப்பா அதைத்தான் செய்தார். பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் அவர்களைப் பார்த்தார், தன்னைப் பார்த்தார், இடத்தை விட்டுக்கொடுத்தார். அத்தனை பேரிலும் கனமான நோய் அவருடையது. அது கடைசிக்கு வந்து சேர்ந்துவிட்டது.

"உங்களுக்கு ஹார்ட்டுப்பா! செத்துப் போவீங்க!" என்று கத்தினேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"சத்தம் போடாத. தோட்டத்து ஆளுங்கன்னு நினைக்கப் போறாங்க."

கையைப் பிடித்து முகப்புக்கு இழுத்துக்கொண்டு போனேன். நெஞ்சு, இடது தோள், வலி ஒன்பது என்று மலாயில் ஒப்பித்தேன். அந்த மனிதர் அப்பாவிடம், உண்மையா என்று கேட்டார். அப்பா சிரித்தார். என் மகள் டீச்சர், எதையும் பெரிதாகத்தான் சொல்லுவாள் என்றார். வலி எவ்வளவு என்று மறுபடி கேட்டபோது இரண்டு விரலைக் காட்டினார்.

அந்த மனிதர் விரலைப் பார்க்கவில்லை. அப்பாவின் சட்டையைப் பார்த்தார். ஏர்கோனில் நான் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தேன். அப்பாவின் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை. சக்கர நாற்காலி வந்தது, சிவப்புக் கதவு திறந்தது, மூடியது. என்னை வெளியே நிற்கச் சொன்னார்கள். தண்ணீர் போத்தல் என் கையிலேயே இருந்தது.

பிழைத்தார். ஆனால் இதயத்தின் ஒரு பகுதி செத்துவிட்டது, அது திரும்பாது என்றார் டாக்டர். சீக்கிரம் வந்திருந்தால் என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். இப்போது அப்பா ரஹாங்கில் என் வீட்டில் இருக்கிறார். மட்டை வெட்டிய மனிதர் அறையிலிருந்து கூடத்துக்கு வருவதற்குள் நடுவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

போன வாரம் கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். அங்கே இருந்த மிஸி, நர்ஸ், தமிழ்ப் பெண்தான். "மூச்சு வாங்குதா அங்கிள்? எவ்ளோ கஷ்டமா இருக்கு, பத்துக்கு எத்தனைன்னு சொல்லுங்க" என்றாள்.

அவர் வாயைத் திறக்குமுன் நான், "எட்டு" என்றேன்.

மிஸி என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். திரும்பினேன். சுவரில் சாய்ந்து, வாய் பிளந்து மூச்சு வாங்கிக்கொண்டு, அப்பா இரண்டு விரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்.