புது வண்டிக்குள் கேட்ட ஜெபம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று நான்கு வருஷமாகத் தயங்கிக்கொண்டிருந்தேன். இரண்டு தடவை நோட்டில் எழுதி, கிழித்துப் போட்டேன். மரித்தவர்களின் சத்தத்தைத் தேடிப் போவது வேதத்துக்கு விரோதம் என்று சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவன் நான். படிப்பும் ஒன்பதாம் வகுப்போடு நின்றது. பாளையங்கோட்டையில் பேட்டரி கடை வைத்திருக்கிறேன். ஆசிட் பட்டுப் பொத்தல் விழுந்த சட்டையோடு திரிகிற ஆள் இப்படி எல்லாம் எழுதினால் யார் நம்புவார்கள் என்ற கூச்சமும் இருந்தது. ஆனால் நான் சும்மா இருந்த வருஷங்களில் ஊரார் சொல்லிச் சொல்லி அது வேறு கதையாகிவிட்டது. அதனால் ஜெபித்துவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

என் அக்காவின் வீட்டுக்காரர், எனக்கு அத்தான், பள்ளிக்கூடத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். செருப்பைக்கூட மூன்று தடவை தைத்துப் போடுகிற மனிதர். அவருக்கு இருந்த ஒரே கிறுக்கு ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார். மேலே கூரையில்லாத, இரண்டே பேர் உட்காரக்கூடிய சின்ன வண்டி. மலை எஸ்டேட்டில் மேனேஜர் ஒருவர் விட்டுப்போனதை வாங்கிக்கொண்டு வந்து, எட்டு வருஷம் பாடுபட்டு ஓடவைத்தார். அதைச் செய்த கம்பெனி எப்போதோ மூடிப்போயிருந்தது. ஒரு ரப்பர் வாஷர் வேண்டுமென்றாலும் இங்கேயே செய்துதான் போட வேண்டும்.

அந்த வண்டி வைத்திருந்தவர்கள் எங்கள் பக்கத்தில் மூன்றே பேர். அத்தான், அம்பாசமுத்திரத்தில் அரிசி ஆலை வைத்திருக்கிற அண்ணாச்சி, வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய காயல்பட்டினத்துக்காரர். எனக்கு வண்டி கிடையாது. பேட்டரி பார்த்துக் கொடுக்கிறவன் என்பதால் அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் என்னையும் சேர்த்திருந்தார்கள்.

காலையில் குளிர்ந்து கிடக்கிற அந்த இன்ஜினை, சோக் என்கிற குமிழை வெளியே இழுத்து ஸ்டார்ட் செய்து, சூடேறும் வரைக்கும் காத்திருக்க வேண்டும். அத்தான் அதற்குக் கடிகாரம் பார்க்க மாட்டார். 'பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே' என்று தொடங்குகிற பரமண்டல ஜெபத்தை மூன்று தடவை சொல்லுவார். மூன்றாவது ஆமெனில் சோக்கை உள்ளே தள்ளுவார். இன்ஜினும் சத்தம் தணிந்து சீராக ஓடும். அக்கா வெளிக் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்று, அந்த மூன்றாவது ஆமெனை மட்டும் அவரோடு சேர்ந்து சொல்லுவாள். பிறகுதான் கேட்டைத் திறப்பாள். இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் அது மாறியதில்லை.

மாறிய நாள் ஒன்று வந்தது. அதற்கு முந்தின சாயங்காலம் குழுவில் ஒரு செய்தி. மூடிப்போன கம்பெனியை யாரோ வாங்கி மறுபடி நடத்தப்போகிறார்களாம், பேட்டரியில் ஓடுகிற புது மாடல் வரப்போகிறதாம். அதற்குள் ஒலிக்கவைக்கப் பழைய வண்டிகளின் சத்தம் வேண்டுமாம். காலையில் முதன்முதலாக ஸ்டார்ட் செய்கிற சத்தத்தைப் போனில் பதிவு செய்து அனுப்பச் சொல்லியிருந்தார்கள். அத்தானுக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் செய்தி வந்த அன்றைக்கு மத்தியானமே அவர் நெஞ்சு கரிக்கிறது என்று சொல்லியிருந்தார். மறுநாள் காலையில் டாக்டரிடம் போகாமல் காரை எடுக்கிறாரே என்று அக்காவுக்குக் கோபம். இரண்டு பேருக்கும் பேச்சு முற்றிவிட்டது. அவள் கேட்டுக்குப் போகவில்லை. அடுப்படியில் மிக்ஸியைப் போட்டுவிட்டாள். மிக்ஸி நின்றபோது வண்டி போய்விட்டிருந்தது. கேட்டை அவரே திறந்திருக்கிறார். குழுவில் அவர் எழுதிய ஒரு வரி கிடந்தது. "சத்தம் அனுப்பிவிட்டேன், ஸ்தோத்திரம்."

மணிமுத்தாறு போகிற ரோட்டில், மருத மரத்தடியில் வண்டி ஒழுங்காக ஓரம் கட்டி நின்றிருந்தது. இன்ஜினை அணைத்து, ஹேண்ட் பிரேக்கும் போட்டிருந்தார். ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்தபடி இருந்தவரை முதலில் பார்த்த பஸ் டிரைவர், தூங்குகிறார் என்றுதான் நினைத்தாராம். போன் அவர் காலடியில் விழுந்து உடைந்து கிடந்தது. அதிலிருந்து எதையும் எடுக்க முடியவில்லை.

அடக்கம் முடிந்த பிறகு அக்கா அழுகையைக் குறைத்துக்கொண்டாள். ஆனால் கோயிலில் சபையார் எல்லாரும் பரமண்டல ஜெபம் சொல்லும்போது இவள் உதடு அசையாது. வீட்டிலும் இல்லை. பல மாதம் கழித்து, ஏன் என்று நான் கேட்டேவிட்டேன்.

"அன்னைக்கு அவிய ஜெபம் பண்ணாமலே போயிட்டாவளோ என்னமோலே," என்றாள். "நான் கேட்டுக்குப் போயிருந்தா பண்ணிருப்பாவ. பண்ணினாவளா இல்லையான்னு தெரியாம என் வாயில அது வரமாட்டேங்குது."

பண்ணியிருப்பார் என்று சொன்னேன். நீ பாத்தியா என்று கேட்டாள்.

ஒன்றரை வருஷம் கழித்துப் புது வண்டி வந்தது. பழைய வண்டிக்காரர்களுக்குக் காட்டுவதற்காக வண்ணார்பேட்டையில் ஒரு ஹோட்டல் முற்றத்தில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். அண்ணாச்சியும் காயல்பட்டினத்துக்காரரும் நானும் போய், காலை வெயிலில் காபி குடித்துக்கொண்டு நின்றோம். வண்டி எங்கே என்று அண்ணாச்சி கேட்டு முடிக்கவில்லை, முதுகில் ஏதோ உரசியது போல இருந்தது. மூன்று பேரும் ஒன்றாகத் திரும்பினோம். அது எங்களுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தது. இத்தனைக்கும் ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை. இதற்குக் கூரை உண்டு; மற்றபடி பழைய வண்டியின் அதே முகம், அதே நீலம். முன்விளக்கு மட்டும் இமை வெட்டிய கண் மாதிரி இருந்தது.

அண்ணாச்சி மூன்று சுற்று சுற்றி வந்தார். முன்பக்க மூடியைத் திறந்து குனிந்து பார்த்தார்.

"என்னவே இது, இன்ஜின் இருக்கவேண்டிய இடத்துல பை வைக்க இடம் விட்டிருக்கான்?"

"ஒமக்கு அரிசி மூடை ஏத்த வசதிதானே வே," என்றார் காயல்பட்டினத்துக்காரர். அவருக்கு வண்டி பிடித்துவிட்டது. கதவை மூடி மூடித் திறந்தார், இருக்கைத் தோலை மோந்து பார்த்தார்.

அண்ணாச்சி சிரிக்கவில்லை. "மூஞ்சி நம்ம வண்டி மூஞ்சிதான். செத்தவனுக்குப் பவுடர் போட்டு உக்கார வச்ச மாதிரி இருக்கு வே," என்றவர், நான் நிற்பதைப் பார்த்ததும் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

வண்டியோடு சென்னையிலிருந்து வந்திருந்த, அதை ஓட்டிவந்து நிறுத்திய கம்பெனிப் பெண், பழைய சத்தங்களை வண்டித் திரையில் காட்டினாள். சத்தத்துக்குச் சத்தம் ஊர்ப் பெயர்தான் போட்டிருந்தது. அதில் திருநெல்வேலியும் இருந்தது. பின்னால் கேட்கிற காக்கை, ஆள் பேச்சு, காற்று எல்லாவற்றையும் நீக்கிச் சுத்தம் செய்துவிட்டதாகவும், இனி இன்ஜின் மட்டும்தான் கேட்கும் என்றும் பெருமையாகச் சொன்னாள். திருநெல்வேலி என்ற பெயரைத் தொட்டாள்.

அத்தானுடைய வண்டிதான். ஸ்டார்ட் ஆகும்போது இரண்டு தடவை இருமி மூன்றாவதில் பிடிக்கும், அதுகூட அப்படியே இருந்தது. அண்ணாச்சி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இன்ஜின் உறுமலுக்கு அடியில், கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இன்னொரு சத்தம் இருந்தது. நான் அதைக் கவனிக்காமலிருக்கப் பார்த்தேன். எனக்குப் பிரமை என்று நினைத்துக்கொண்டேன். அப்போது காயல்பட்டினத்துக்காரர் கதவிலிருந்து கையை எடுத்தார்.

"உள்ள ஆரோ ஓதுறாங்க வே," என்றார் பைய.

அந்தப் பெண் இன்ஜின் மட்டும்தான் சார் என்றாள். அண்ணாச்சியும் தனக்கு வேறொன்றும் கேட்கவில்லை என்றார். நான் காபித் தம்ளரை வைத்துவிட்டுக் கடைக்குக் கிளம்பினேன்.

அன்று முழுவதும் கடையில் எனக்கு வேலை ஓடவில்லை. அக்காவிடம் சொல்வது செத்தவர்களிடம் குறிகேட்கிறவளிடம் கூட்டிக்கொண்டு போவதற்குச் சமமா என்று ஆண்டவரிடம் கேட்டேன். பதில் வந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். அவள் கேட்டுக்கொண்டிருந்த ஒரே கேள்விக்குப் பதில் அங்கே இருக்கிறது என்று தெரிந்தும் மறைத்தால் அதுவும் பாவம் என்று பட்டது. மறுநாள் காலையில் ஆட்டோ வைத்துக் கூட்டிக்கொண்டு போனேன். வழியில் அவளிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன். அத்தான் அன்றைக்கு அனுப்பின சத்தம் இருக்கிறது, நீயே கேள். ஜெபம் கேட்டது என்று நான் சொல்லவில்லை.

பழைய வண்டியில் ஏற மாட்டேன் என்று எத்தனையோ வருஷம் அடம்பிடித்தவள், புது வண்டியில் டிரைவருக்குப் பக்கத்து இருக்கையில் சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நான் டிரைவர் இருக்கையில் இருந்தேன். அந்தப் பெண் வெளியிலிருந்து கை நீட்டிச் சத்தத்தை வைத்துவிட்டு, கதவைச் சாத்தினாள்.

கதவு சாத்தியதும் எங்கள் மூச்சே எங்களுக்குக் கேட்டது. பிறகு இன்ஜின். அதற்கடியில் அத்தான். முதல் நாளைவிடத் தெளிவாக இருந்தது. அவசரமில்லாமல், வழக்கமான இழுப்போடு, ஒரு தடவை, இரண்டு தடவை. அக்கா குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. மூன்றாவது தடவை முடியப்போகிறது என்று எனக்குத் தெரிந்தது. ஆமென் வந்தது. இன்ஜின் தணிந்தது.

ஆமென் சொன்னது இரண்டு குரல். ஒன்று அத்தானுடையது. மற்றது பெண் குரல். பக்கத்தில் அக்கா சொல்கிறாள் என்று திரும்பினேன். அவள் சேலைத் தலைப்பைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள்.

தலைப்பை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "கேட்டியாலே?" என்றாள்.

கேட்டேன் என்றேன்.

"அது என் குரல்தான்." என்றாள் அக்கா. "அன்னைக்கு நான் சொல்லலைலே. நான் அடுப்படியிலல்லா நின்னேன்."

வேறொரு நாள் பதிவு செய்ததாக இருக்கக்கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுப் பார்த்துவிட்டேன். சத்தம் அனுப்பச் சொன்னதே முந்தின சாயங்காலம்தான். அத்தான் அதுவரை வண்டிச் சத்தத்தைப் பதிவு செய்ததே இல்லை. அந்த ஒரு காலை தவிர வேறு காலை கிடையாது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அண்ணாச்சி குறை சொல்லிக்கொண்டே கடைசியில் அந்த மாடலை வாங்கிவிட்டார். அதிலும் திருநெல்வேலிச் சத்தம் இருக்கிறது. நான் அம்பாசமுத்திரம் போய் உட்கார்ந்து, ஏழெட்டுத் தடவை கேட்டேன். இன்ஜின் மட்டும்தான் கேட்டது. ஜெபமும் இல்லை, ஆமெனும் இல்லை. காயல்பட்டினத்துக்காரரும் வந்து கேட்டுவிட்டு, உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார். அக்காவைக் கூப்பிட்டேன். அவள் வரவில்லை.

அவள் மறுபடி பரமண்டல ஜெபம் சொல்லுகிறாள். கோயிலிலும் சொல்லுகிறாள், அடுப்படியிலும் சொல்லுகிறாள். ஆமென் மட்டும் சொல்லுவதில்லை. ஏன் என்று கேட்டேன்.

"அத அன்னைக்கே சொல்லியாச்சுல்லா," என்றாள்.

எங்கள் கோயில் போதகரான ஐயர் அவளைச் சபையில் சாட்சி சொல்லக் கூப்பிட்டார். அவள் மறுத்துவிட்டாள். இப்போது ஊரில் சிலர், கண்ணாடியில் அத்தான் முகம் தெரிந்தது என்கிறார்கள். சிலர் தேவதூதன் என்கிறார்கள். அந்த வண்டியில் பேய் இருக்கிறது என்று அண்ணாச்சியின் மருமகள் ஏறவே மாட்டேன் என்கிறாள். அக்கா என்னிடம் கேட்டது ஒன்றுதான். நீ கேட்டதை மட்டும் சொல்லு, கேக்காததையும் சொல்லு என்றாள். இதை வாசிக்கிற நீங்கள் யாரிடமாவது சொல்வதானால், அண்ணாச்சி வண்டியில் ஒன்றும் கேட்கவில்லை என்பதையும் விடாமல், முகத்தையும் தூதனையும் சேர்க்காமல், இப்படியே சொல்லுங்கள். அது என்னவென்று எனக்குத் தெரியாது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.