மேசைக்கு ஒரு கெட்டிக்காரப் பிள்ளை

எங்கள் பள்ளியின் கணக்கு டீச்சருக்கு மேசைகளை இழுத்துப் போடுவதில் அலாதிப் பிரியம். வீட்டிலும் நாற்காலிகளைச் சும்மா விடுவதில்லை என்று அவர் கணவர் புலம்புவார். வகுப்பில் மேசைக்கு ஒரு கெட்டிக்காரப் பிள்ளை, சுற்றிலும் தடுமாறுகிற பிள்ளைகள். கெட்டிக்காரப் பிள்ளைதான் தலைமை. மற்றவர்களுக்கு அதுவே சொல்லிக்கொடுக்க வேண்டும். இந்தப் பெருமையைக் கேட்டுக் கேட்டே ஆசிரியர் அறையில் எங்கள் காது புளித்துவிட்டது.

தலைவிகளில் ஒருத்திக்கு 'குட்டி டீச்சர்' என்றே பெயர். கரும்பலகையில் கணக்கை எழுதி முடிப்பதற்குள் விடை சொல்லிவிடுவாள். மிச்ச நேரமெல்லாம் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பின்னம் விளக்குவதிலேயே போய்விடும். அப்படிப்பட்டவள் தேர்வுகளில் சறுக்கத் தொடங்கினாள். டீச்சர் பதறிப்போய் அதே மாதிரிக் கணக்குகளைக் கட்டுக்கட்டாகக் கொடுத்தார். அரைத்த மாவையே அரைக்கச் சொன்னால் யாருக்குத்தான் சலிக்காது? இன்னும் சறுக்கினாள்.

ஒருநாள் அவளுடைய அம்மா ஆசிரியர் அறைக்கே வந்து நின்றார். "கணக்குன்னாலே வெறுப்பா இருக்காம் டீச்சர். கணக்கே இல்லாத பள்ளிக்கூடத்துல சேத்துவிடுன்னு அடம்பிடிக்கிறா."

டீச்சர் அவளைக் கூப்பிட்டார். "என்னம்மா, பாடம் புரியலையா?"

"புரியுது மிஸ். வேணும்னேதான் தப்பாப் போட்டேன். மார்க் குறைஞ்சா என்னைத் தலைவியா போட மாட்டீங்கல்ல?"

பக்கத்தில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. டீச்சர் முகத்தைப் பார்த்ததும் பாவமாகிவிட்டது.

மறுநாளே மேசைகள் இடம் மாறின. தலைமைப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே மேசையில். அவர்கள் முன்னால் புத்தகத்தில் இல்லாத ஒரு கணக்கு.

தலைமையாசிரியர் எட்டிப் பார்த்தார். "கெட்டிக்காரங்களை எல்லாம் ஒரே இடத்துல உக்கார வெச்சுட்டா, மத்த பசங்களுக்கு யாரு சொல்லிக்கொடுப்பா?"

"நான்தான் சார். அதுக்குத்தானே என்னை வேலைக்கு வெச்சிருக்கீங்க?" என்று சொல்லிவிட்டு, பின்னத்தில் திணறுகிற பிள்ளைகளோடு போய் உட்கார்ந்தார்.

கடைசி மணி அடித்து, டீச்சரைக் கூப்பிட நான் போனபோது மற்றப் பிள்ளைகள் எல்லாரும் போய்விட்டிருந்தார்கள். குட்டி டீச்சர் மட்டும் எழுந்திருக்காமல் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க மாட்டிக்கிட்டே? சொல்லித்தரட்டுமா?" என்று டீச்சர் குனிந்தார்.

அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். "ஐயோ, சொல்லிடாதீங்க மிஸ்! நானே கண்டுபிடிக்கிறேன்."

டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்தார். வாயைத் திறக்காமல் இருப்பது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். இருந்தார்.