மைனாக் குஞ்சு தானாகத் தின்ற நாள்

தேரடித் தெருவில் எங்கள் மெத்தைக் கடை இருந்தது. பெயர்ப்பலகைக்கு வர்ணம் அடிக்க அத்தா அதை இறக்கினார். பலகைக்குப் பின்னால் இருந்த மைனாக்கூடு சரிந்து, இரண்டு குஞ்சுகள் கீழே விழுந்தன. பலகையை மறுபடி மாட்டிப் பார்த்தும் தாய் திரும்பவில்லை. செருப்புப் பெட்டியில் இலவம் பஞ்சைப் பரப்பி, அத்தா அவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

பொட்டுக்கடலை மாவையும் வாழைப்பழத்தையும் கரைத்து, இங்க் ஃபில்லரால் ஊட்டுவது என் வேலை. என்னைக் கண்டாலே இரண்டும் மஞ்சள் வாயைப் பிளக்கும். அதுவரை என்னை நம்பி யாரும் வாயைத் திறந்ததில்லை. பெருமை தாங்கவில்லை எனக்கு.

இறக்கை வளர்ந்து, அறைக்குள் பறக்கவும் செய்தன. ஆனால் தட்டில் வைத்த பழத்தின் மேலேயே நின்றுகொண்டு என்னைப் பார்த்து வாயைப் பிளந்தன. திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது. அம்மாவும் உறை தைக்கக் கடைக்குப் போய்விடுவாள். அதற்குள் தானாகத் தின்னப் பழகாவிட்டால் குஞ்சுகள் பிழைக்காது.

மதியத்தில் ஃபில்லரைத் தொடாதே, பசித்தால்தான் கொத்தும் என்று அம்மா புதன்கிழமையே சொல்லியிருந்தாள். நானோ அவள் தொழுகிற நேரம் பார்த்து மூன்று நாளும் திருட்டுத்தனமாக ஊட்டிவிட்டேன்.

சனிக்கிழமை எனக்கு முதல் நோன்பு. மதியத்துக்குள் கண் இருட்டியது. பசி என்றால் என்ன என்று அன்றுதான் தெரிந்தது. குஞ்சுகள் விடாமல் கத்தின. ஃபில்லரை எடுத்துவிட்டேன்.

"நோன்பு வெச்சது நீயா, மைனாவா?" என்று அக்கா சிரித்தாள்.

அம்மா வந்து ஃபில்லரை வாங்கிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நீயும்தான் பசியோட இருக்கே. செத்தா போயிட்டே? கொஞ்சம் பொறுடா."

பழத்தில் எறும்பு ஏறியிருந்தது. தட்டப் போன என் கையை அம்மா பிடித்துக்கொண்டாள். பெரிய குஞ்சு கத்துவதை நிறுத்தியது. தலையைச் சாய்த்து, ஓடுகிற எறும்பையே பார்த்தது. ஒரு கொத்து. தவறிவிட்டது. இன்னொரு கொத்து. எறும்போடு ஒரு துளிப் பழமும் அலகில் ஒட்டியது. அதை என்ன செய்வது என்று தெரியாமல் அப்படியே நின்றது. பிறகு தலையை ஒரு உதறு உதறி விழுங்கியது.

யார் சொல்லிக் கொடுத்தார்கள் அதற்கு? மூன்றாவது கொத்து நேராகப் பழத்தில் விழுந்தது. பார்த்துக்கொண்டிருந்த சின்னதும் வந்து கொத்தியது. சிரித்துக்கொண்டிருந்த அக்காவும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாள். என் கையைப் பிடித்த அம்மாவின் பிடி மட்டும் இறுகிக்கொண்டே போனது.

சாயங்காலம் பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழத்தால் நோன்பு திறந்தோம். நான் கடைக்குட்டி, கஞ்சியை எப்போதும் அம்மாதான் எனக்கு ஊட்டுவாள். அன்றும் ஸ்பூனில் எடுத்து, ஊதி ஆற்றி, என் வாய்க்கு நேரே நீட்டினாள்.

"நானே குடிக்கிறேம்மா" என்று கிண்ணத்தை வாங்கிக்கொண்டேன்.

நீட்டிய ஸ்பூன் கொஞ்ச நேரம் அந்தரத்திலேயே நின்றது. பிறகு அந்தக் கஞ்சியை அம்மா தானே குடித்தாள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அம்மாவுக்கு எவ்வளவு பசியோ, பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.