ரதிக்கு எக்கோ வேண்டாம்

பிள்ளைக் காம்பராவின் ஜன்னல் கம்பிகளில் அண்ணி கம்பளிகளை மாட்டிக்கொண்டிருந்த அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலை அப்படியே என் கண்ணில் நிற்கிறது. மழைக்குத் தலையில் போட்டுக்கொண்டு கொழுந்து பறிக்கப் போகிற முரட்டுக் கம்பளிகள். தன்னுடையது ஒன்று போதாதென்று லயத்து வரிசை முழுக்க வீடு வீடாகக் கேட்டு வாங்கி வந்திருந்தார். ஈரமும் தேயிலைக் கறையும் கலந்த வாடை அறையை நிறைத்தது. வேலை நாட்களில் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப் போகிற அறை அது. அன்று ஒரு நாள் மட்டும் ஒலிப்பதிவுக் கூடம். கொழும்பில் ஒரு ஸ்டூடியோவில் மிக்ஸிங் வேலை பார்க்கிற நான், இரண்டு மைக்கும் ஒரு லெப்டொப்பும் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்கு வந்திருந்தேன். மழை வருவதற்குள் முடித்தாக வேண்டும். தகரக் கூரையில் நாலு துளி விழுந்தாலும் வேறு எதுவும் கேட்காது.

அண்ணி, என் அண்ணனைக் கட்டிக்கொண்டு நோட்டன் பிரிட்ஜ் பக்கத்திலிருந்து கொத்மலைப் பக்கத்து எங்கள் தோட்டத்துக்கு வந்தவர். மாசி மாதம் எங்கள் தோட்டத்தில் காமன் கூத்து நடக்கும். மன்மதனைச் சிவன் எரித்த பிறகு அவன் மனைவி ரதி அழுது பாடுகிற புலம்பல்தான் கூத்தின் உயிர். அந்த ரதி எப்போதும் சேலை கட்டிய ஆண்தான். பெண்கள் வட்டத்துக்கு வெளியே நின்று பார்க்கலாம், அழலாம், அதற்கு யாரும் தடை போட்டதில்லை. அந்த வருடம் ரதி வேஷக்காரருக்கு வேலை செய்கிற இடத்தில் லீவு கிடைக்கவில்லை. புலம்பலை முழுசாகப் பாடத் தெரிந்த இன்னொரு ஆள் அண்ணி மட்டும்தான். அவருடைய அப்பா அவர்கள் தோட்டத்தில் ரதி வேஷம் கட்டியவர். கோயில் தலைவர் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். அண்ணி பாடியதைப் பதிவு செய்து ஸ்பீக்கரில் போடுவது, இளவட்டம் ஒருவர் சேலை கட்டிக்கொண்டு வட்டத்தில் வாயசைப்பது. அதாவது பெண்ணின் குரல் வேண்டும், பெண் வேண்டாம். எப்பேர்ப்பட்ட மூளை!

எனக்கு அப்போதே பற்றிக்கொண்டு வந்தது. அண்ணிதான் என் கையைப் பிடித்தார். "விடு புள்ள. மொதல்ல நான் பாடணும். மத்ததப் பொறகு பாத்துக்குவோம்."

முதல் கோளாறு என்னுடையது. நாலு பக்கமும் கம்பளியைத் தொங்கவிட்டு, எதிரொலியே இல்லாமல் அறையைக் கொன்றுவிட்டேன். ஹெட்போனில் கேட்டுப் பார்த்த அண்ணி, "என்னா புள்ள இது, சாக்குக்குள்ள தலைய விட்டுக்கிட்டுப் பாடுன மாதிரி இருக்கு" என்றார். அவருக்கு எதிரில் இருந்த சுவரில் மட்டும் கம்பளியைக் கழற்றினோம். குரலுக்கு உயிர் வந்தது. அடுத்த கோளாறு அண்ணியுடையது. எதிர்மலையில் நிற்பவர்களைக் கூப்பிட்டே பழகிய தொண்டை. வாயைத் திறந்ததும் மீட்டர் சிவப்பில் போய் ஒட்டிக்கொண்டது. போதாததற்குத் திருவிழா மைக்கைப் பிடிப்பது போல மைக்கை உதட்டோடு சேர்த்து வைத்துக்கொண்டார். மைக்கை ஒரு முழம் தள்ளி வைத்து, "பக்கத்து நெரையில கொழுந்து எடுக்கிறவங்களுக்கு மட்டும் கேட்டாப் போதும் அண்ணி" என்றேன். அவருக்கு அது உடனே பிடிபட்டது. குரல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. மூச்சு இழுப்பதும், அழுகைக்கு முன்னால் தொண்டை இறுகுவதும் கூடக் கேட்டது.

தப்பு அடிப்பவர்களை உள்ளே விடவில்லை. வெளியே காய்ந்த தேயிலைக் குச்சிகளான மிலாறு விறகைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். தோல் காய்ந்தால்தான் தப்பு பேசும், ஈரத்தில் பொதபொதவென்று கிடக்கும். திறந்த கதவுக்கு வெளியே அவர்களை நிறுத்தி, அந்தத் தூரத்தோடேயே பதிவு செய்தேன். பிறகு மிக்ஸிங். தப்பின் அடித்தொனி அண்ணியின் தாழ்ந்த குரலை மூடிய இடத்தில் மட்டும் அதைக் குறைத்தேன். ஒரு தப்பு இடப்பக்கம், ஒன்று வலப்பக்கம், இரண்டும் கொஞ்சம் பின்னால். நடுவில், முன்னால் அண்ணி. ஒரு பாட்டில் எல்லோரும் முன்வரிசையில் நிற்க முடியாது. யார் முன்னால், யார் பின்னால் என்று தீர்மானிப்பதுதான் என் தொழில். தோட்டத்திலும் அதைத் தீர்மானிக்க ஆட்கள் இருந்தார்கள்.

தலைவர் வந்து கேட்டார். கொஞ்ச நேரம் ரசித்ததை நானே பார்த்தேன். பிறகு முகம் மாறிவிட்டது.

"என்னா பாப்பா, நம்ம தோட்டத்துப் புள்ள பாடுறது அப்புடியே தெரியுதே. எக்கோவ நல்லாப் போடுங்க. யாருன்னு தெரியக் கூடாது."

எங்கள் பக்கத்தில் திருவிழா ஸ்பீக்கர் என்றாலே எக்கோவைத் திருகி வைத்துத்தான் பழக்கம். அறிவிப்பு ஒன்றைச் சொன்னால் மூன்று பேர் சொன்ன மாதிரி கேட்கும். குரலை அழகாக்க எக்கோ கேட்பவர்களை நான் தினமும் பார்க்கிறேன். ஓர் ஆளை ஒளித்து வைக்க எக்கோ கேட்டவரை அன்றுதான் பார்த்தேன். முடியாது என்று முகத்துக்கு நேரே சொன்னேன். வம்பு எதற்கு என்று அண்ணன் முனகினார். அண்ணி என்னைப் பார்த்துத்தான் பேசினார், ஆனால் தலைவருக்கும் கேட்கட்டும் என்றே பேசினார்.

"எம் பேரச் சொல்ல வேணாம். என்னைய முன்னால நிப்பாட்டவும் வேணாம். என் கொரல மட்டும் வேற யாரோடதாவும் ஆக்கிப்புடாத."

நான் ஆக்கவில்லை. ஒரு சொட்டு எக்கோ சேர்க்காமல் கொடுத்தேன்.

கூத்தன்று காமனை எரித்து முடித்ததும் புலம்பலைப் போட்டார்கள். முதல் வரி தெளிவாக வந்தது. பெண்கள் நின்ற பக்கத்தில் ஒரு சலசலப்பு. தலைகள் அண்ணியின் பக்கம் திரும்பின. தலைவர் ஸ்பீக்கர்காரரைப் பார்த்துக் கையைச் சுழற்றிச் சைகை காட்டினார். அவ்வளவுதான், எக்கோ ஏறிவிட்டது. ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின் தலையில் ஏறி, ரதி அழுகிறாளா சிரிக்கிறாளா என்றே தெரியாமல் போயிற்று. நான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். அண்ணி எனக்கு முன்பே வட்டத்துக்குள் போய்விட்டார்.

"அண்ணே, அத நிப்பாட்டுங்க" என்றார் ஸ்பீக்கர்காரரிடம். சத்தம் போடவில்லை. அந்த மனுஷன் தலைவரைப் பார்க்காமலே நிறுத்திவிட்டார்.

கூத்துக்கென்று வட்டத்தில் நின்றவர்களின் தப்பு மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. நின்ற வரியிலிருந்து அண்ணி எடுத்தார். மைக் இல்லை. முதல் வரி தப்புச் சத்தத்தில் அமுங்கிப் போனது. அப்போது தப்பு அடித்தவர்களில் மூத்தவர், அடியை நிறுத்தாமலே பின்னால் நகர்ந்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் நகர்ந்தார்கள். யாரும் சொல்லவில்லை, சைகை காட்டவில்லை. அண்ணியின் குரல் வெளியே வந்தது. அதற்குப் பிறகு ஒரு சொல் கூடத் தவறவில்லை. சேலை கட்டி நின்ற இளவட்டம் ஓரமாகப் போய் உட்கார்ந்துவிட்டார். தலைவர் வாயைத் திறந்தார், பெண்கள் பக்கம் பார்த்தார், மூடிக்கொண்டார். நான் உருகி உருகிச் செய்த மிக்ஸ் அன்றோடு குப்பைக்குப் போயிற்று. என் வேலை ஒன்று வீணானதற்கு நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்லை. தேம்பித் தேம்பி அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

பிறகு பேச்சு வராமல் இல்லை. கோயிலுக்கு ஆகாது என்றார்கள், அண்ணன் அடக்கி வைக்கவில்லை என்றார்கள். அண்ணி மறுநாளும் கம்பளியைப் போட்டுக்கொண்டு மலைக்குப் போனார். அடுத்த மாசியிலும் வட்டத்துக்குள் போய் நின்றார், அதற்கடுத்த மாசியிலும்.

இந்த வருடம் கூத்துக்கு முன்னால் தலைவரிடமிருந்து எனக்கு ஒரு போன் கோல் வந்தது. நலம் விசாரித்தார், மழையைப் பற்றிச் சொன்னார், இருமினார். கடைசியில் விஷயத்துக்கு வந்தார்.

"ரதிக்குப் புதுச்சேல எடுக்கலாம்னு கமிட்டியில பேசுனோம் பாப்பா. ஒங்க அண்ணிக்கு என்னா கலரு புடிக்கும்?"

"பக்கத்து லயத்துலதானே இருக்காங்க தலைவரே," என்றேன். "நேரா போயி அவங்ககிட்டயே கேளுங்க."