ஒரு வார்த்தை பேச வாயைக் கேட்டேன்

போன வருடம் மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆண்டர்சன்பேட்டையில் நம் சபையில் பாட்டுக்கு எழுந்த நான், நிற்க முடியாமல் பெஞ்சிலேயே சரிந்தேன். அன்று அங்கே இருந்த உங்களுக்கு நினைவிருக்கும். அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லவே சாமுவேலாகிய நான் உங்கள் முன் நிற்கிறேன்.

இரண்டு நாளாகவே பாதத்தில் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. வயதாகிவிட்டது என்று விட்டுவிட்டேன். திங்கட்கிழமை முழங்கால் போனது. செவ்வாய்க்கிழமை கைகள் போயின. பெங்களூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது மூச்சே திணறியது. உடம்பே தன் நரம்புகளைத் தாக்கும் வியாதி என்றார் டாக்டர். தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்தார்கள். மெஷின்தான் எனக்காக மூச்சு விட்டது. எனக்கென்று மிஞ்சியவை கண்ணிமைகள் மட்டுமே. என் மனைவி ஸ்டெல்லா ஏதாவது கேட்பாள். ஆமாம் என்றால் ஒரு தடவை மூடுவேன், இல்லை என்றால் இரண்டு தடவை.

நான் கால்பந்து ஆடியவன். பெங்களூரில் ஒரு கம்பெனி அணிக்குப் பதினான்கு வருடம் தடுப்பாட்டக்காரனாக இருந்தேன். மாநில அணிக்கும் ஆடினேன். எதிரே ஓடி வருகிறவனை உடம்பால் மறிப்பதே என் பிழைப்பு. அப்படிப்பட்டவன் முகத்தில் ஒரு நாள் ஈ உட்கார்ந்தது. விரட்ட முடியவில்லை. மூக்கிலிருந்து உதட்டுக்கு, உதட்டிலிருந்து கண்ணோரத்துக்கு நடந்தது. அழுகை வந்தது. கண்ணீரைத் துடைக்கவும் கை இல்லை. "ஆண்டவரே, என்னை எடுத்துக்கொள்ளும்" என்று ஜெபித்தேன். அவர் எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்றாவது வாரம் ஒரு மதியம். ஸ்டெல்லா மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். காவலாளி உடையில் ஒருவர் சற்றே நொண்டியபடி வந்து என் கால்மாட்டில் நின்றார்.

"இன்னா சாமுவேலு, என்னைத் தெரியுதா?"

தெரிந்தது. ஏழுமலை. பயந்துபோனேன்.

அதன் காரணத்தை அதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை, ஸ்டெல்லாவிடமும். அந்தக் கம்பெனி அணிக்கு ஆள் எடுக்க நம் ஊரில் ஒரு மேட்ச் வைத்தார்கள். நம் ஊரிலிருந்து ஒருவரைத்தான் எடுப்பார்கள் என்று பேச்சு. பக்கத்திலுள்ள ஊரிகத்து ஏழுமலை எதிர்ப் பக்கம் ஆடினான். இரண்டு தடவை என்னை ஏமாற்றித் தாண்டிப் போனான். மூன்றாவது தடவை நான் பந்தைப் பார்க்கவில்லை, அவன் காலைத்தான் பார்த்தேன். எலும்பு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. வேலை எனக்குக் கிடைத்தது. அவன் பிறகு ஆடவேயில்லை. ஒரு தடவைகூட நான் போய்ப் பார்க்கவில்லை.

இப்போது அவன் என் போர்வையை விலக்கி வலது காலைத் தூக்கினான். கத்த வாய் இல்லை. இழுத்துக்கொள்ளத் தெம்பு இல்லை. கண்ணை இறுக மூடினேன்.

அவன் முழங்காலை மெதுவாக மடக்கினான். மெதுவாக நீட்டினான்.

"எனக்குக் கட்டுப் பிரிச்சப்ப எங்கம்மா இப்டித்தான் செஞ்சுது. சும்மா வுட்டா காலு கட்டையாப் பூடும்."

அதற்குள் ஸ்டெல்லா வந்துவிட்டாள். "யாருங்கண்ணா நீங்க? இவர் கூட ஆடுனவங்களா?"

"எதிர் டீமும்மா. ஊர்ல சேதி சொன்னாங்க. இங்க பக்கத்துல தான் வாச்மேன் வேலை. ரெண்டு மணிக்கு ஷிப்ட் முடியுது. ஊருக்குப் போற ட்ரெயினுக்கு இன்னும் நேரம் இருக்குது."

அடுத்த நாளும் வந்தான். அதற்கடுத்த நாளும் வந்தான். அவன் கை பட்ட ஒவ்வொரு நாளும் எனக்கு நரகமாக இருந்தது. 'மன்னித்துவிடு' என்பதைக் கண்ணிமையால் எப்படிச் சொல்வது? அன்றிலிருந்து என் ஜெபம் மாறியது. "கர்த்தாவே, கால் வேண்டாம், கை வேண்டாம். ஒரே ஒரு வார்த்தை பேச வாயைக் கொடும்." வேறு எதையும் நான் கேட்கவில்லை.

பல வாரம் பதில் இல்லை. பிறகு மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. ஒரு நாள் காலையில் தொண்டைக் குழாயின் வாயை மூடி, "பேசிப் பாருங்க" என்றார் டாக்டர். ஸ்டெல்லா தன் பெயருக்காகக் காத்திருந்தாள். நான் பேசவில்லை. கிடைத்த முதல் வார்த்தையை மதியம்வரை வைத்திருந்தேன்.

அவன் வந்து காலைத் தூக்கியதும், "ஏழுமலை," என்றேன். காற்றுதான் அதிகம் வந்தது. "உன் காலை... வேணும்னேதான்..."

அவன் கை நின்றது. ஸ்டெல்லா என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"தெரியும்," என்றான். "பந்து அப்பவே அந்தாண்ட பூட்டுது. அடி பட்டவனுக்குத் தெரியாதா?"

"மன்னிச்சிரு."

அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்த வார்த்த எனக்கு இன்னும் வரல சாமுவேலு. வந்தா சொல்றேன். இப்ப காலைக் குடு."

சகோதர சகோதரிகளே, இன்று வாக்கர் பிடித்து ஆராதனைக்கு வருகிறேன். இடது பாதம் இழுக்கிறது. சட்டைப் பொத்தானை ஸ்டெல்லாதான் போட்டுவிடுகிறாள். எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. ஆட்டத்தில் வாங்கிய என் பழைய கோப்பைகளைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. ஆனாலும் ஆண்டவருக்கு நன்றி சொல்கிறேன். என்னால் விரல்கூட அசைக்க முடியாத இடத்துக்கு, நான் கேட்கவே தகுதியில்லாத உதவியை அவர் அனுப்பினார்.

உங்களில் யாராவது இன்று ஒன்றும் செய்ய முடியாமல் கிடந்தால் அவரை நம்புங்கள். யாருக்காவது தீங்கு செய்திருந்தால், வாய் இருக்கும்போதே போய்ச் சொல்லுங்கள். ஏழுமலை இன்னும் ஞாயிறு மதியம் வீட்டுக்கு வந்து என் காலை மடக்கி நீட்டுகிறான். அந்த வார்த்தையை அவன் இன்னும் சொல்லவில்லை. அது வரும் என்று நம்பி ஜெபிக்கிறேன். நீங்களும் ஜெபியுங்கள்.